மிங் பேரரசன் ‘ஸ்டார் வார்ஸ்’ நகல் அல்ல

‘ஃப்ளாஷ் கோர்டன்’ என்ற அமெரிக்க விண்வெளிச் சாகசக் கதையின் வில்லன் மிங், ‘ஸ்டார் வார்ஸ்’ பேரரசனைப் பார்த்துச் செய்த நகல் என்று ஒரு வண்ணப்படம் கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

படத்தில் இருப்பவர் 1980 திரைப்படத்தில் மிங்காக நடித்த மேக்ஸ் வான் சிடோ. ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது 1977இல். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் மொங்கோ கிரகத்தை ஆளும் மிங், அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த ‘ஃப்ளாஷ் கோர்டன்’ சித்திரத்தொடரில் 1934இலேயே வந்துவிட்டான். 1936, 1938, 1940 தொடர்படங்களில் சார்ல்ஸ் மிடில்டன் மிங்காக நடித்தார். கறுப்பு வெள்ளை என்பதால் யாரும் பகிர்வதில்லை போலும்!

‘ஸ்டார் வார்ஸ்’ படைப்பாளி ஜோர்ஜ் லூகஸ் முதலில் படமாக்க விரும்பியதே ‘ஃப்ளாஷ் கோர்டன்’தான். உரிமை கிடைக்காமல்தான் சொந்தக் கதைக்குப் போனார். ‘ஸ்டார் வார்ஸ்’ தொடக்கத்தில் மேல்நோக்கி நகர்ந்து மறையும் முன்கதை எழுத்துகள்கூட 1940 தொடரிலேயே உண்டு.

மிங்கைக் குறை சொல்ல வேறு காரணம் இருக்கிறது: அவன் பெயரும் தோற்றமும் அக்கால மேற்குலகின் சீன வெறுப்பில் பிறந்தவை.