செய்தி வாசித்த பிள்ளை

"இவளும் லொஸ்லியா மாதிரிப் போயிருவாளோ எண்டு எனக்குப் பயமா இரிக்கி டீச்சர்."

போன கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் எங்கட வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு தாய் இப்படிச் சொன்னா. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அறிவிப்பாளர் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். நாலு வருசம் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. நல்ல குரல், லகரமும் ழகரமும் ளகரமும் பிசகாது. தாயும் லேசுப்பட்ட மனுசி இல்லை. குவைத்தில் ஏழு வருசம் வீட்டு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவ. ஆனால் அவ சொன்ன அந்தச் சொல் எனக்குள் இன்னும் குத்திக்கொண்டே கிடக்கிறது. லொஸ்லியா மாதிரி வந்திருவாளோ என்று கேட்கவில்லை. போயிருவாளோ என்றா.

லொஸ்லியா எங்கே போனார்?

கிளிநொச்சியில் பிறந்தவர். கொழும்பில் சக்தி டிவியில் செய்தி வாசித்தவர். 2019 ஜூன் 23ஆம் திகதி விஜய் டிவியில் பிக் பாஸ் மூன்றாவது சீசன் தொடங்கியபோது அந்த வீட்டுக்குள் நுழைந்தார். அப்போது வயது 23. போன் இல்லை, பத்திரிகை இல்லை, திரும்பிய பக்கமெல்லாம் கமெரா. அதற்குள் 105 நாள் இருந்து, ஒக்டோபர் 6ஆம் திகதி மூன்றாம் இடத்தோடு வெளியே வந்தார். மலேசியாவின் முகென் வென்றார், நடன இயக்குநர் சாண்டி இரண்டாமிடம். பிறகு சினிமா. 2021இல் பிரெண்ட்ஷிப், 2022இல் கூகுள் குட்டப்பா, 2025 தொடக்கத்தில் மிஸ்டர் ஹவுஸ் கீப்பிங். ஒரு பெண் வேலை மாறினார், நாடு மாறினார், உழைக்கிறார். இதற்குள் எந்த இடத்தில் அவர் "போனார்" என்று யாராவது எனக்குக் காட்டுங்கள்.

2019 எங்களுக்கு எப்படிப்பட்ட வருசம் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற சின்னஞ்சிறுசுகள் செத்துப்போனார்கள். பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை வெள்ளைக் கொடி, இரவானால் ஊரடங்கு. முகநூலையும் அரசாங்கம் முடக்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளைகளை அனுப்பத் தாய்மாருக்குக் கால் வரவில்லை. பொழுதுபடும் முன்னம் கேற்றைப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்த காலம். எங்கட அம்மா செய்தி போடவே விடமாட்டா. போட்டால் எழும்பி உள்ளே போயிருவா.

எங்கட அந்த வீட்டுக்குள்தான் இரண்டு மாதம் கழித்து லொஸ்லியாவின் குரல் வந்தது. சென்னையில் இருக்கிற ஒரு வீட்டுக்குள் எங்கட பிள்ளை ஒன்று எங்கட தமிழில் கதைக்குது என்று அம்மா இரவுச் சாப்பாட்டை வெள்ளெனவே முடித்துவிட்டு டிவிக்கு முன்னால் குந்திக்கொள்ளுவா. கிளிநொச்சிப் பேச்சு வேறு, எங்கட பேச்சு வேறு. அது அம்மாவுக்கும் தெரியும். அந்த நேரம் அது பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நாங்கள் காலகாலமாகத் துணி எடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. குண்டுவெடிப்புக்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமல் விட்டதற்குப் பயம் கொஞ்சம்தான் காரணம். ஊர் என்ன சொல்லும் என்பதே பெரிய காரணம், அது எனக்கு இன்றைக்கும் வெட்கம். மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கிழமை அம்மா பிடிவாதமாக என்னையும் கூட்டிக்கொண்டு போனா. கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். என்ன கதைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சீலையை விரித்தபடியே, முகத்தைப் பார்க்காமல், "அக்கா, உங்கட லொஸ்லியா இந்தக் கிழமை தப்பிருவாவா?" என்று கேட்டார். அம்மா அப்படியே ஸ்டூலில் இருந்துவிட்டா. கூடப் போட்டியிட்ட இயக்குநர் சேரன் அந்தப் பிள்ளையை மகள் மகள் என்று வைத்திருப்பது உண்மையான பாசமா, அதே வீட்டில் இருந்த தர்சன் வெல்லுவானா என்று அரை மணித்தியாலம் கதை போனது. தன்னுடைய உம்மாவும் ஒரு நாள் விடாமல் பார்ப்பதாக நானா சொன்னார். அன்றைக்கு நாங்கள் எடுத்தது ஒரேயொரு பருத்திச் சீலை. அடுத்த மாதமும் போனோம்.

பிக் பாஸ் நல்ல நிகழ்ச்சி என்று சொல்ல நான் வரவில்லை. மனிதரை அடைத்து வைத்து, சண்டை வருமா, காதல் வருமா என்று காத்திருந்து, 24 மணித்தியாலத்தை ஒரு மணித்தியாலமாக வெட்டிக் காட்டுகிற வியாபாரம் அது. எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் நல்லவராகவும் தெரிவார், கெட்டவராகவும் தெரிவார். அந்த வெட்டுக்குள் அகப்பட்டுத்தான் அந்தப் பிள்ளையின் பெயர் ஊர் முழுக்க அலைந்தது.

செப்டெம்பரில் தகப்பன் அந்த வீட்டுக்குள் வந்தார். கனடாவில் உழைத்துக்கொண்டிருந்த மனிதர். பத்து வருசத்துக்குப் பிறகு மகளை நேரில் காண்கிறார். மகள் கதறிய கதறலில் எங்கட வீட்டில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. எங்கட பக்கம் அந்தக் காட்சி ஏன் அப்படி உறைத்தது என்றால், இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். அந்த வீட்டுக்காகவே கட்டாருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போன தகப்பனும் தாயும் எத்தனை பேர். கல் கல்லாக வீடு எழும்பும், பிள்ளை போனுக்குள் வளரும். என்னுடைய அப்பாவும் கட்டாரில் ஒன்பது வருசம். அவர் வந்து இறங்கிய அன்று என்னைவிட உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே உயரம்.

கட்டிப்பிடித்து அழுது முடிந்ததும் அந்தத் தகப்பன் மகளைக் கண்டித்தார். கூடப் போட்டியிட்ட கவினோடு பழகியதையும், வெளியில் சனம் கதைப்பதையும் சொல்லிக் கடிந்துகொண்டார். அவரில் நான் பிழை காணமாட்டேன். பத்து வருசம் தூர நின்று பெற்ற பிள்ளையை உலகமே பார்க்கிற இடத்தில் முதன்முதல் காண்கிற தகப்பனுடைய மனம் எப்படிக் கொதித்திருக்கும். எனக்குக் கோபம் எங்களில்தான். அந்தத் துண்டை வெட்டி வெட்டி அனுப்பினோம். "நல்லாக் குடுத்தார் அப்பன்" என்று அடுத்த நாள் ஆசிரியர் ஓய்வறையில் படித்த மனிதரே சந்தோசப்பட்டார்கள். அதுவரைக்கும் "எங்கட பிள்ளை" என்றவர்கள் அன்றைக்கு அவரை வளர்ப்புக்குக் கணக்குச் சொல்ல வைத்தார்கள். நானும் அன்று வாய் திறக்கவில்லை.

கவினைப் பாருங்கள். கடைசி நாட்களில் 5 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு கதாநாயகனானார், 2023இல் வந்த டாடா படம் ஓடோடென்று ஓடியது. அவருடைய உழைப்பு அது, எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இன்றைக்குக் கவினைப் பற்றிக் கதைக்கிற யாரும் அவருடைய அடுத்த படத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். லொஸ்லியா ஒரு படம் போட்டால், முதல் கேள்வி 2019ஆம் ஆண்டுக் கேள்வியாகவே இருக்கிறது. பழகியது இரண்டு பேர். ஒருவருக்கு அது பழைய கதை, மற்றவருக்கு ஆயுள் முழுக்கச் சுமக்கிற பாரம்.

2020 நவம்பரில் அந்தத் தகப்பன் கனடாவில் காலமானார். கொரோனாக் காலம், விமானம் பறக்கவே பாடுபட்ட நேரம். பத்து வருசம் காணாமல் இருந்து, கண்டது ஒரு டிவி வீட்டுக்குள், ஒரு வருசம் கழித்துச் சாவு. அந்தச் செய்திக்குக் கீழேயும் "நீதான் காரணம்" என்று எழுதியவர்களை நான் வாசித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தார்கள்.

லொஸ்லியாவின் தொழிலுக்கு வருகிறேன். செய்தி வாசிப்பு என்றால் முகத்துக்குப் பூசிக்கொண்டு இருந்து எழுதியதை வாசிப்பது என்று நினைக்கிறோம். முன்னால் எழுத்து ஓடும், காதுக்குள் தயாரிப்பாளர் கதைப்பார், கடைசி நிமிசத்தில் தாள் மாறும். ஹம்பாந்தோட்டையும் வாழைச்சேனையும் ஒரே மூச்சில் வரும். இறந்தவர் தொகையை வாசிக்கும்போது குரல் உடையவும் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. இருபது சொச்ச வயதில் அந்த நாற்காலியில் இருந்தவர் லொஸ்லியா. கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் என்று கொழும்பிலிருந்து போன குரல்களைத் தமிழ்நாடு ஒருகாலம் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருந்து கேட்டது. அந்த வரிசையின் கடைக்குட்டியாகத்தான் நான் அவரைப் பார்க்கிறேன். அந்த வீட்டுக்குள் தமிழ்நாட்டுக்காரரை முதல் நாளே திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்தக் குரலும் பேச்சும்தான்.

சினிமா அந்தக் குரலுக்கு ஏற்ற வேசத்தை இன்னும் கொடுக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். அவர் நடிப்பில் குறை இருக்கிறது, நானே சொல்லுவேன். சில இடங்களில் முகம் இன்னும் செய்தி மேசைக்குப் பின்னால் நிற்கிறது. குறையைச் சொல்லுங்கள், படத்தை வைத்துச் சொல்லுங்கள்.

"இப்ப இந்தியத் தமிழ் கதைக்கிறா" என்பதும் பெரிய குற்றச்சாட்டு. மட்டக்களப்பார் இதைச் சொல்லும்போது எனக்குத் தாங்கமுடியவில்லை. கொழும்பு வேலைக்குப் போகும்போது நாங்கள் "என்னகா"வையும் "மன"வையும் பஸ் நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுத்தானே ஏறுகிறோம்? மேடையில் "இரிக்கி" என்று சொன்ன பிள்ளையைத் திருத்துகிற டீச்சர் நானும்தான். பிழைக்கிற இடத்துப் பேச்சை நாக்கு எடுத்துக்கொள்ளும்.

பிறகு 2022இல் யாழ்ப்பாணத்து ஜனனி பிக் பாஸுக்குப் போனார். 2023 டிசம்பரில் அரியாலைக் கில்மிஷா சரிகமப பாட்டுப் போட்டியில் வென்றார். புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை அசானியும் அதே மேடையில் பாடினார். எங்கட ஒழுங்கையில் எல்லாரும் அந்தச் சின்னப் பிள்ளைகளை மனம் நிறைய வாழ்த்தினார்கள், நானும் அழுதேன். பாடுகிற சிறுமிக்கு எங்களிடம் தாராளமாகக் கைதட்டு இருக்கிறது. வளர்ந்த ஒருத்தி தன் வாயால் கதைத்து, தன் மனத்துக்குப் பிடித்தவரோடு சிரித்துவிட்டால் கையை மடக்கிவிடுகிறோம். கில்மிஷாவும் அசானியும் வளருவார்கள். அதை நினைத்தால் இப்பவே எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

அந்தத் தாய்க்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை. "சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வாங்க, நீங்களும் இரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள். மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, உன்னிச்சைக் குளத்து வான்கதவுகள் திறந்த செய்தியைப் பிள்ளையிடம் கொடுத்தேன். முதல் தரம் ஓடினாள். இரண்டாம் தரம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். மூன்றாம் தரம் வாசிக்கும்போது, தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தையில் இருந்த தாய் கதவடிக்கு வந்து நின்றா.

"புள்ள, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி."