பழைய புல்லட் என்ஜினில் கை வைக்கும் முன் அளந்து பாருங்கள்

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கி, ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே என்ஜின் வேலை பார்க்க வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் பெருகி வருவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களில் பலர், வண்டி வீட்டுக்கு வந்ததும் போர் போட்டு (அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), பிஸ்டன், ரிங், வால்வு எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவது என்று முடிவு கட்டி, பட்டியலோடு சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்த பிறகு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து அரை நூற்றாண்டு காலம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வெளிவந்த என்ஜின் என்பதால், இதற்கு உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காகவே மாற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

புகையைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் போர் போட ஓடுகிறார்கள். வெகுநாள் நின்ற புல்லட்டை உதைத்துக் கிளப்பினால் சைலன்சர் வழியாகப் புகை கக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த என்ஜினில் ஆயில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் சுழலும் இடத்தில் தேங்கி நிற்பதில்லை. என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்ட தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்ப் அதை என்ஜினுக்குக் கொடுக்க, அதைவிட அதிகம் இழுக்கக்கூடிய இன்னொரு பம்ப் வடிந்த ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. பம்புக்குள் ஆயில் வழியைத் திறந்து மூடும் தட்டான பம்ப் டிஸ்க்கின் முகம் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும் நாள்களில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும்; கிளப்பும்போது அதுவே எரிந்து புகையாகிறது. அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி அந்த ஆயிலை வடித்த பின் கிளப்பிப் பாருங்கள். சற்று நேரத்தில் புகை அடங்கிவிட்டால், ரிங்கைக் குறை சொல்வதற்கு முன் பம்ப் டிஸ்க்கை நுண்ணிய பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் படிய வைப்பதே முறையான வேலை.

அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் சிலிண்டரைக் கழற்றுங்கள். இதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90, கொள்ளளவு 346 சிசி. உள்விட்டத்தை அளக்கும் கருவியான போர் கேஜை வைத்து மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேய்மானம் பெரும்பாலும் மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் மிகுதியாக இருக்கும். போர் போட்ட சிலிண்டருக்கான சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 20, 40, 60 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் வருகின்றன. ஒருமுறை போர் போட்டால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இரும்பு போய்விடுகிறது, அது திரும்ப வராது. ஏற்கெனவே 40-இல் இருக்கும் சிலிண்டரை அவசரப்பட்டு 60-க்குக் கொண்டு போனவருக்கு, அடுத்து சிலிண்டருக்குள் புதுக் குழாய் ஒன்றைச் செருகும் ஸ்லீவ் வேலையைத் தவிர வேறு வழி இருக்காது.

கிராங்க் விஷயத்திலும் இதே நிதானம் தேவை. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழுமாக இழுக்கும்போது ஆட்டம் தட்டுப்பட்டால் மட்டுமே அந்த ராடு கிராங்க்கோடு சேரும் இடமான பிக் எண்ட் வேலைக்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். என்ஜினின் டைமிங் பற்சக்கரங்கள் உள்ள பக்கத்தில் ஆயில் பம்பைச் சுழற்றும் புழுப்பல் நட், இடது மரை கொண்டது என்பதை மறந்து வழக்கம்போலத் திருகி உடைத்தவர்கள் எத்தனையோ பேர். வால்வுகளைத் திறக்க உந்தும் தண்டுகளான புஷ்ராடுகளை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேல்கீழ் ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது என்ற நிலையில் வையுங்கள்.

பெயிண்ட், குரோம் வேலைகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பகுதியை ஒரு நல்ல மைக்ரோமீட்டருக்கும் போர் கேஜுக்கும் ஒதுக்குங்கள். எல்லாம் பூட்டி முதன்முறை கிளப்பியதும் ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டுப் பம்பைத் திறந்து பாருங்கள்.