டிக்கியில் உட்கார்ந்து போனவர்கள்

தினமும் நாம் சொல்கிற 'டிக்கி' முதலில் சாமான் வைக்கிற இடமே இல்லை. அது ஒரு சீட். 1920, 30களின் சின்ன இருவர் வண்டிகளில் பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு சீட் விரியும். முன்னால் இரண்டு பேர் கித்தான் கூரைக்குக் கீழே, பின்னால் இரண்டு பேர் வெட்டவெளியில். பிரிட்டிஷ்காரர்களுக்கு டிக்கி சீட், அமெரிக்கர்களுக்கு ரம்பிள் சீட். சீட் ஒழிந்தது, பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. எங்கள் தாத்தா கடைசிவரை காரைப் 'பிளஷர்' என்றுதான் சொல்வார். அதுவும் அந்தக் காலத்து வார்த்தைதான். லாரியிலிருந்து பிரித்துக் காட்ட அமெரிக்கக் கார்க்காரர்களே ஆரம்பத்தில் 'பிளஷர் கார்' என்றுதான் சொன்னார்கள்.

நேற்று நண்பர் ஒருவர் பழைய அமெரிக்க கன்வெர்ட்டிபிள் (கூரையை மடித்துத் திறந்துகொள்கிற கார்) படம் ஒன்றைப் போட்டு, "பணக்காரன் வண்டின்னா இதுதான்" என்று எழுதியிருந்தார். அதில்தான் எனக்குச் சண்டை. கூரை இல்லாத வண்டி சாதாரண மனுஷன் வண்டியாகத்தான் பிறந்தது. கூரைக்குத்தான் காசு.

1919 வாக்கில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்த வண்டி. மழை வந்தால் இறங்கி, பக்கவாட்டுத் திரைகளை ஒவ்வொரு பொத்தானாக மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் நனைந்திருப்பீர்கள். அந்தத் திரையில் கண்ணாடி மாதிரித் தைத்திருந்த செல்லுலாய்டு கொஞ்ச நாளில் மஞ்சளாகி வெடித்துவிடும். மூடிய கார் வாங்கலாமே என்றால், மரச்சட்டம் அடித்து அதன்மேல் தகடு போர்த்துகிற தச்சு வேலை, விலை எட்டாது. 1922இல் ஹட்சன் கம்பெனி எஸ்ஸெக்ஸ் என்ற பெட்டி மாதிரியான மூடிய காரை 1,495 டாலருக்கு விட்டது. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் 1925இல் அதே கார் 895 டாலர், அவர்களுடைய திறந்த வண்டியைவிடக் குறைவு. அதோடு கதை மாறியது. 20கள் முடியும்போது திறந்த வண்டி வாங்குகிறவர்கள் சிறுபான்மை.

அப்புறம்தான் கன்வெர்ட்டிபிள் ஆசைப் பொருளானது. கூரை இல்லாததால் இரும்பு மிச்சம் என்று நினைக்காதீர்கள். செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், எப்படி வளைகிறது! அப்படி வளையாமல் இருக்க அடியில் எக்ஸ் வடிவில் கூடுதல் இரும்பு கொடுத்தார்கள். அதனால் கூரை போட்ட வண்டியைவிடக் கூரை இல்லாத வண்டிதான் கனம், விலையும் அதிகம்.

1949இல் ப்யூக், காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் மூன்றிலும் ஹார்ட்டாப் வந்தது. கூரை நிரந்தரத் தகடு, பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிற தூண் மட்டும் கிடையாது. கண்ணாடிகளை இறக்கினால் கன்வெர்ட்டிபிள் சாயல். எனக்கு அது குளத்தில் இறங்காமல் காலை மட்டும் நனைக்கிற வேலையாகத்தான் படும். ஆனால் ஜனம் அள்ளிக்கொண்டு போனது.

இதற்கெல்லாம் உச்சம் ஃபோர்டு ஸ்கைலைனர். இரும்புக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும். 1957 முதல் 1959 வரை மூன்றே வருஷம், 48,394 வண்டிகள். இங்கே டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார் ஊர்வலம் நடக்கும். அங்கேதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிக்கி மூடி பின்பக்கமாக எழும்புகிறது. கூரை முழுசாகக் கிளம்பி, முன்விளிம்பு மட்டும் முழங்கை மாதிரி மடங்கி, உள்ளே இறங்குகிறது. அடியில் மோட்டார் ஒவ்வொன்றாக முனகுவது கேட்கிறது. மைக்ரோசிப் கிடையாது, எல்லாம் ஸ்விட்சும் ரிலேயும். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், நானும்தான்.

அறுபதுகளின் நடுவில் கன்வெர்ட்டிபிள் விற்பனை உச்சத்துக்குப் போய் இறங்கியது. அரசாங்கப் பாதுகாப்பு விதிதான் கொன்றது என்பார்கள். விதி வரப்போகிறது என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் ஏசியும் நெடுஞ்சாலை வேகமும்தான் அதிகம் கொன்றன என்பேன். மணிக்கு 70 மைலில் கூரை திறந்து ஓட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

1976 ஏப்ரலில், 'கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள்' என்று காடிலாக் எல்டராடோவை வழியனுப்பினார்கள். கடைசி 200 வண்டிகள் முழு வெள்ளை. பின்னால் விலை ஏறும் என்று வாங்கி மூடி வைத்தவர்கள் உண்டு. ஆனால் அது கடைசியாக இல்லை: 1982இல் கிரைஸ்லர் லெபாரன் கன்வெர்ட்டிபிள் வந்தது. 1984இல் காடிலாக்கே மறுபடி எல்டராடோ கன்வெர்ட்டிபிள் விற்றது. மூடி வைத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் வரவில்லை. கூரையைத் திறந்து ஒரு நாள் ஓட்டியிருக்கலாம்.

அந்த ஸ்கைலைனர்காரப் பெரியவர் என்னை ஒரு ரவுண்டு ஏற்றிப் போனார். கையில் இரண்டு பை வைத்திருந்தேன். "பின்னால் வைக்கலாமா?" என்றேன். சிரித்துக்கொண்டே டிக்கியைக் காட்டினார். முழுக்கக் கூரை. நடுவில் சின்னதாக ஒரு தகரத் தொட்டி, அதில் அவருடைய மழைக்கோட்டு. பை இரண்டும் மடியில்தான்.