அந்த ஒரு மணி நேரம் யார் பார்ப்பது?

மறதிநோய் உள்ளவரைக் கவனிப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் தங்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, அந்த நேரத்தில் அவரை யார் பார்ப்பது? அதையும் எழுதியிருக்கலாம்.

என் மாமியாருக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வந்து ஆறு வருடம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், "நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவார். "இதுதான் உங்க வீடு" என்று சொல்லிச் சொல்லி நான்தான் அலுத்துப்போனேன். இப்போதெல்லாம் "வாங்க அத்தை, போகலாம்" என்று தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கூட்டிப்போய்த் திரும்புகிறேன். வாசலைப் பார்த்ததும் "வந்துட்டோமா" என்பார், நிம்மதியாக.

போன வருடம் இரண்டே நாளில் ஆளே மாறிப்போனார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று! திடீர் மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிறு மட்டும் வந்து "நல்லாத்தானே பேசுறாங்க" என்று சொல்லும் நாத்தனாரிடம் ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன். இப்போது மாதம் ஒரு வாரம் அவர் பொறுப்பு.

அப்புறம், முதியோர் உதவி எண் 14567. நமக்கே மனசு உடைந்தால் 14416, அரசின் மனநல உதவி எண். இரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.