கவர்னர் வரைந்த அமெரிக்கா

தாமஸ் பவ்னல் வரைந்த அமெரிக்க நிலக்காட்சிகளை "என்ன அழகு!" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பிரிட்டிஷ் பேரரசின் நிர்வாகி. 1757 முதல் 1760 வரை மாசசூசெட்ஸ் கவர்னர்.

1753இல் நியூயார்க் கவர்னருக்குச் செயலராகக் கப்பலேறி வந்தார். வந்திறங்கிய சில நாட்களில் அந்தக் கவர்னர் தற்கொலை செய்துகொண்டார். பவ்னல் ஊர் திரும்பவில்லை. காலனிகளைச் சுற்றினார், வரைந்தார்: கோஹோஸ் அருவி, பசேயிக் அருவி, ஹட்சன் ஆறு, கேட்ஸ்கில் மலைகள். லண்டனில் ஆங்கிலேய ஓவியர் பால் சாண்ட்பி அவற்றை ஓவியமாகத் தீட்ட, 1760களில் அவை அச்சாகி விற்பனைக்கு வந்தன.

அவற்றில் ஒன்று பென்சில்வேனியாவின் பெத்லகேம். 1741இல் மொரேவியர் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் அமைத்த ஊர். பார்க்க அமைதியாக இருக்கும். அந்த மண் லெனாபே என்ற பூர்வகுடி மக்களுடையது. ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒருவர் நடக்கும் தூரம் வரை நிலம் தங்களுக்கே என்றார்கள் பென்சில்வேனியா காலனியின் உரிமையாளர்களான பென் குடும்பத்தார். 1737இல் முன்கூட்டியே பாதையைச் சீர்செய்து, வேகமாக நடப்பவர்களைக் கூலிக்கு வைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் அளந்து எடுத்துக்கொண்டார்கள். பச்சை மோசடி. அப்படிப் பறித்த நிலத்தில்தான் பெத்லகேம் எழுந்தது.

இன்னொரு படம், அமெரிக்கப் பண்ணை ஒன்றின் தொடக்கத்தையும் நிறைவையும் சேர்த்துக் காட்டுகிறது. காட்டை வெட்டியதுதான் அங்கே தொடக்கம். அதற்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. என்னைப் பொறுத்தவரை இது நிலக்காட்சியே கிடையாது, நில உரிமை கோரும் மனு.

அவரிடம் தொலைநோக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கர்கள் இனி ஒருபோதும் பிரிட்டனுக்குப் பணியமாட்டார்கள் என்று, அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1777இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னவர். அதற்குத் துணிச்சல் வேண்டும், அதை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன 'அமெரிக்கர்கள்' குடியேறியவர்கள் மட்டுமே. 1759இல் பெனாப்ஸ்காட் என்ற பூர்வகுடி மக்களின் ஆற்று முகத்துவாரத்தில் படையோடு போய்க் கோட்டை கட்டியவரும் அவர்தான். கோட்டைக்கும் அவர் பெயரே.

இந்தப் படங்களை மாட்டிவைக்கும் அருங்காட்சியகங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஓவியர், அச்சுத் தகட்டைச் செதுக்கியவர், ஆண்டு என்று போடுகிற அதே அட்டையில் அது யாருடைய நிலம், எப்படிக் கைமாறியது என்றும் எழுதுங்கள். பெத்லகேம் படத்திலிருந்து தொடங்கலாம்.