மீசைக்கு வரிக் கழிவு

(பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணை. தனியார் கம்பெனி ஊழியர் சுடலைமுத்து மஞ்சப்பையைக் கவிழ்க்கிறார். ஓய்வுபெற்ற கணக்கர் ஆறுமுகம் கண்ணாடியைத் துடைக்கிறார். இருவரும் பேசியது நெல்லைப் பேச்சுதான். 2025-26 நிதியாண்டின் வருமான வரி விவகாரம் என்பதால் கொஞ்சம் இலக்கணம் சேர்த்திருக்கிறேன்.)

சுடலைமுத்து: அண்ணாச்சி, பிள்ளைகள் இருவருக்கும் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது, அத்தனையையும் கழித்துக் காட்டுங்கள்.

ஆறுமுகம்: வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில், இந்தியாவிலுள்ள பள்ளிக்கோ கல்லூரிக்கோ முழுநேரப் படிப்புக்காக, இரண்டு பிள்ளைகள் வரை கட்டிய டியூஷன் பீஸ் மட்டும்தான் கழியும், தம்பி. வேன் கட்டணம், கட்டட நன்கொடை எதுவும் சேராது.

சுடலைமுத்து: டியூஷன் பீஸ்தானே? மாலையில் வீட்டுக்கு வரும் டியூஷன் வாத்தியாருக்கு மாதம் 1,500 கொடுக்கிறேனே!

ஆறுமுகம்: சட்டம் சொல்வது பள்ளியில் கட்டும் கல்விக் கட்டணத்தை, உங்கள் வாத்தியாரை அல்ல. இது என்ன, 850 ரூபாய்?

சுடலைமுத்து: ஆண்டு விழாவில் மகன் கட்டபொம்மனாக நடித்தபோது மீசையும் வாளும் வாடகைக்கு எடுத்தது.

ஆறுமுகம்: வரி கட்ட மறுத்தவருடைய மீசைக்கா வரிக் கழிவு கேட்கிறீர்கள்? அவரை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். உங்களுக்கு நோட்டீஸ்தான் வரும் என்ற துணிச்சல்.

சுடலைமுத்து: போகட்டும். மகளின் இன்ஜினியரிங் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு 80இ பிரிவில் உச்சவரம்பே கிடையாதாமே?

ஆறுமுகம்: உண்மைதான். வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகள் வரை முழு வட்டியையும் கழிக்கலாம், அசலுக்கு இடமில்லை. எந்த வங்கி?

சுடலைமுத்து: வங்கி இல்லை, தென்காசி மைத்துனர். வட்டி வாங்குவதில் அவர் எந்த வங்கிக்கும் இளைத்தவரல்லர்.

ஆறுமுகம்: வங்கியோ அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனமோ அறநிறுவனமோ தந்த கடனாக இருக்க வேண்டுமே! சரி, பழைய வரி முறையா, புதியதா?

சுடலைமுத்து: ஆபீசில் ஏதோ தாள் கொடுத்தார்கள், நிரப்பவில்லை.

ஆறுமுகம்: நிரப்பாவிட்டால் ஆபீசில் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள், அதில் 80சியும் இல்லை, 80இயும் இல்லை. சம்பளம்?

சுடலைமுத்து: ஆண்டுக்கு 9 லட்சம்.

ஆறுமுகம்: அடப்பாவமே! 2025-26 நிதியாண்டில் புதிய முறையில், நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, 12 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரியே கிடையாது. இந்தப் பையை நீங்கள் திறந்திருக்கவே வேண்டாம்.

சுடலைமுத்து: (நெடுநேரம் யோசித்து) அப்படியானால் ரீபண்டு எவ்வளவு வரும்?

ஆறுமுகம்: சம்பளத்தில் வரி பிடித்திருந்தால்தானே திருப்பித் தருவார்கள்?

(சுடலைமுத்து மீசை ரசீதை மட்டும் சட்டைப் பையில் பத்திரப்படுத்துகிறார்.)

ஆறுமுகம்: அது எதற்கு?

சுடலைமுத்து: மைத்துனருக்குக் கொடுக்க வேண்டிய வட்டியில் கழித்துப் பார்க்கிறேன்.