எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

காரைக்குடியில் சாக்கடை அடைத்தால் எம்.பி.யைத் திட்டிப் பதிவு போடுகிறோம். 2024-லிருந்து இது மாநகராட்சி. கமிஷனர் இருக்கிறார், கவுன்சிலர் இருக்கிறார். எம்.பி.க்கு அங்கே ஒரு மூடியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம்கூட இல்லை.

நமக்கு இந்தப் பழக்கம் வரக் காரணம் உண்டு. கானாடுகாத்தானில் பிறந்த ப.சிதம்பரம் 1984 முதல் 2009 வரை நம் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ஏழு முறை வென்றார் (1999-ல் தோல்வி, 2009-ல் வெறும் 3,354 ஓட்டு வித்தியாசம்). தொகுதி எம்.பி.யே நிதியமைச்சராகவும் இருந்ததைப் பார்த்துவிட்டோம். "அவர் நினைத்தால் முடியாதா" என்பது ஊறிப்போய்விட்டது. அமைச்சர் வேறு, உறுப்பினர் வேறு. 2016-ல் அவர் மாநிலங்களவைக்குப் போனது மகாராஷ்டிரத்திலிருந்து; அப்போது அவருடைய எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் பெரும்பகுதியை அந்த மாநிலத்துக்குத்தான் பரிந்துரைக்க முடிந்தது.

நிதி என்றதும் நாக்கு ஊறவேண்டாம். ஆண்டுக்கு 5 கோடி. சிவகங்கை, மானாமதுரை, காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம், ஆலங்குடி என ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பங்கு போட்டால் தலைக்கு 83 லட்சம். மொத்தத்தில் 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிகளுக்கு. எம்.பி. பரிந்துரைப்பார், மதிப்பீடு, அனுமதி, டெண்டர் எல்லாம் மாவட்ட நிர்வாகம் வழியாக. கோயில் மண்டபம் கேட்டு எழுதும் மனு முதல் மேஜையிலேயே விழும், வழிபாட்டுத் தலத்துக்குள் இந்தப் பணம் நுழையாது. நம் பக்கம் இன்னொரு சிக்கல்: இடம் ஊர்ப்பொது என்று நினைத்திருப்போம், பட்டா பங்காளிகள் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ இருக்கும். மனு எழுதுமுன் பட்டாவைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் எம்.பி.யின் நிஜமான ஆயுதம் கேள்விதான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வதற்கானது) 20, எழுத்துப் பதில் கேள்வி 230. குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். நட்சத்திரத்தில் வந்தாலும் அவையில் வாய்மொழிப் பதில் கிடைப்பது முதல் சிலவற்றுக்குத்தான். அதனால் எழுத்துப் பதிலை மட்டமாக நினைக்காதீர்கள், புள்ளிவிவரம் அதில்தான் கிடைக்கும்.

திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-ல் ரயில் விட்டபோது கேட் கீப்பர் போதவில்லை. ரயிலிலேயே ஆள் ஏற்றினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டி ஆள் இறங்கிச் சாத்துவார். தாண்டியதும் மறுபடி நிற்கும், பின்பெட்டி ஆள் திறந்துவிட்டு ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல்! இதற்கு "ரயில் வேகமாகச் செல்ல ஆவன செய்யுமாறு" என்று எழுதினால், "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று வரும், அத்தோடு சரி. கேட் எத்தனை, அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, மீதி எந்தத் தேதிக்குள்? இப்படி எழுதிக் கொடுத்தால் எம்.பி. அலுவலகத்தில் அப்படியே கேள்வியாக்கலாம். ஒரே பொருள், 150 சொல்லுக்குள், மத்திய அரசின் பொறுப்பில் உள்ளது, கோர்ட்டில் நிலுவையில் இல்லாதது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் தள்ளுபடி.

"பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் பதில் சொன்னால் சோர்ந்துவிடுகிறோம். எனக்கு அதுதான் நல்ல பதில். அவையில் அப்படிச் சொல்வது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இழுத்தடித்தால் இதைக் கண்காணிக்கும் மக்களவையின் உறுதிமொழிக் குழு கேட்கும். அங்கே தொடர்ந்து விரட்டாத எம்.பி.யைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

கேள்வியில் இடம் கிடைக்காவிட்டால் மக்களவை நடைமுறை விதி 377 இருக்கிறது. 250 சொல்லுக்குள் ஓர் ஊரின் பிரச்சினையை எம்.பி. அவையில் எழுப்பலாம். அதற்கு அமைச்சகத்தின் பதில் எம்.பி.க்குக் கடிதமாக வரும். அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்குங்கள். அடுத்த மனுவில் அந்தக் கடிதத்தின் எண்ணும் தேதியும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.